முதலில் அயலாருக்கு, பிறகு எல்லாருக்கும்

1950 டிசம்பர் 7. வடக்கு லண்டனில் ஃபின்ச்லி என்ற பகுதி. வேகமாகக் கார் ஓட்டினார் என்று ஒருவரைக் காவலர் நிறுத்துகிறார். ஓட்டி வந்தவர் பெயர் கிளாரன்ஸ் வில்காக். துணி வெளுக்கும் நிறுவனம் ஒன்றின் மேலாளர், ஐம்பது வயதைத் தாண்டியவர், லிபரல் கட்சிக்காரர். வேகத்துக்கு வழக்குப் போடுவதென்றால் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். காவலர் கூடவே இன்னொன்றும் கேட்டார்: தேசிய அடையாள அட்டை எங்கே? வில்காக் காட்ட மறுத்தார். இரண்டு நாளுக்குள் காவல் நிலையத்துக்குக் கொண்டுவந்து காட்டும்படி சொன்னதற்கும் இணங்கவில்லை. தான் லிபரல் கட்சிக்காரன், இந்த மாதிரிக் காரியங்கள் தனக்கு ஒப்பாதவை என்று மட்டும் சொன்னார்.

அந்த அட்டை போர்க்காலத்தில் பிறந்தது. 1939 செப்டம்பரில் ஹிட்லரோடு போர் மூண்ட சில நாள்களிலேயே நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. நாட்டு மக்கள் அனைவரையும் பதிவுசெய்து ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். படைக்கு ஆள் எடுக்க, நாட்டைப் பாதுகாக்க, உணவைப் பங்கிட்டுக் கொடுக்க என்று மூன்றே காரணங்கள். போர் 1945இல் முடிந்துவிட்டது. அட்டை தொடர்ந்தது. 1950 வாக்கில் அந்தப் பதிவேட்டைப் பயன்படுத்திக்கொண்டிருந்த அரசு அமைப்புகளின் எண்ணிக்கை 39. சாலையில் எதற்காக நிறுத்தினாலும் முதலில் அட்டையைக் கேட்பது காவலர்களுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. ஃபின்ச்லி காவலருக்கு வில்காக் மீது தனிப்பட்ட பகை எதுவும் இருந்திருக்காது. கேட்கிற அதிகாரம் கையில் இருந்தது, கேட்டார்.

வழக்கு 1951 ஜூனில் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தலைமை நீதிபதி காடர்ட் பிரபு உள்பட ஏழு நீதிபதிகள் அமர்ந்தார்கள். சட்டம் இன்னும் நடப்பில்தான் இருக்கிறது என்று வில்காக்கின் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டார்கள். தள்ளிய கையோடு காடர்ட் அரசையும் கண்டித்தார். பாதுகாப்புக்கென்று வந்த சட்டத்தை வேறு எதற்கெல்லாமோ பயன்படுத்தினால், ஒழுங்காக நடப்பவர்களைச் சட்டத்தை மீறுகிறவர்களாக ஆக்குவதில்தான் அது போய் முடியும், காவல் துறைமீது மக்களுக்குக் கசப்புத்தான் வளரும் என்றார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் சர்ச்சில் அரசு அட்டையை ஒழித்தது. வழக்கில் தோற்றவரின் விருப்பம் நாட்டின் சட்டமாகிவிட்டது.

‘உன் அட்டையைக் காட்டு’ என்று யாரும் தங்களைக் கேட்க முடியாது என்பதில் பிரிட்டன்காரர்களுக்கு இருக்கிற பெருமை அங்கே பழகியவர்களுக்குத் தெரியும். எழுதிவைத்த ஒரே அரசமைப்புச் சட்டம் என்று ஒன்று அங்கே இல்லை. நாடாளுமன்றம் நினைத்தால் எந்த உரிமையையும் சாதாரணச் சட்டத்தால் சுருக்கிவிடலாம். அதனால்தான் வில்காக் போன்றவர்களின் ‘முடியாது’ அங்கே ஒரு சட்டப் பிரிவுக்குச் சமமான எடையோடு நினைவில் வைக்கப்படுகிறது. அந்தப் பெருமையை நான் மதிக்கிறேன். ஆனால், அந்தப் பெருமைக்குள் யார் அடங்குகிறார்கள், யார் வெளியே நிற்கிறார்கள் என்பதைப் பார்க்காமல் இன்றைய பிரிட்டனின் அந்தரங்க உரிமைச் சண்டையைப் புரிந்துகொள்ள முடியாது.

அட்டை ஒருமுறை திரும்பி வந்தது. டோனி பிளேரின் லேபர் அரசு 2006இல் அடையாள அட்டைச் சட்டத்தை நிறைவேற்றியது. கைரேகை, முகம், முகவரிகள் எல்லாம் ஒரு தேசியப் பதிவேட்டில் சேரும் என்று திட்டம். 2010இல் ஆட்சி மாறியது. கன்சர்வேடிவ், லிபரல் டெமாக்ரட் கூட்டணி அரசு கையில் எடுத்த முதல் மசோதாக்களில் ஒன்று, அந்தத் திட்டத்தை ஒழிக்கும் மசோதா. கொண்டுவந்தவர் உள்துறை அமைச்சர் தெரசா மே. 2011 பிப்ரவரியில் எசெக்ஸில் ஓர் ஆலைக்கு அமைச்சர் டேமியன் கிரீன் போய், பதிவேட்டின் ஹார்ட் டிஸ்குகளை அரைவை இயந்திரத்தில் தன் கையாலேயே போட்டார். புகைப்படக்காரர்கள் சூழ்ந்து நின்றார்கள். ஒரு ஜனநாயக அரசு தன் குடிமக்களைப் பற்றிச் சேர்த்துவைத்த தகவலைத் தானே தூள் தூளாக்கிய காட்சி உலகத்தில் எத்தனை இடத்தில் நடந்திருக்கும்? அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

ஆனால், அந்த இயந்திரத்துக்குள் எல்லாம் போய்விடவில்லை. பிளேர் காலத் திட்டத்தில் அட்டை முதலில் கொடுக்கப்பட்டது பிரிட்டன் குடிமக்களுக்கு அல்ல. 2008 நவம்பரில், வெளிநாட்டு மாணவர்களுக்கும் திருமண விசாவில் வந்தவர்களுக்கும்தான் அது தொடங்கியது. 2010 சட்டம் குடிமக்களின் அட்டையை ஒழித்தது. அயல்நாட்டவரின் கைரேகை அட்டையை அப்படியே விட்டது. சுதந்திரம் மீட்கப்பட்டது என்று மேடையில் பேசியவர்கள் இதைப் பற்றிப் பேசியதாக எனக்கு நினைவில்லை. குடிமக்களுக்குக் கூடாதென்று அரைத்துப் போட்ட ஒன்று, குடியுரிமை இல்லாதவர்களின் சட்டைப்பையில் அடுத்த பதினான்கு ஆண்டுகள் இருந்தது. இன்று அது அங்கிருந்துதான் எல்லாருடைய கைப்பேசிக்கும் வர வழி தேடுகிறது. நான் சொல்ல வருவது இதைத்தான்.

என் அக்கா மகன் அங்கே செவிலியராக இருக்கிறான். நாகர்கோவிலில் படித்து முடித்துப் போனவன். அவனிடமும் அந்த அட்டை இருந்தது. 2024 டிசம்பர் 31ஆம் தேதியோடு அட்டைகளுக்கு முடிவு கட்டி, எல்லாரையும் ‘ஈ-விசா’வுக்கு மாற்றினார்கள். இப்போது அவன் அந்த நாட்டில் இருக்கலாம் என்பதற்கு அவன் கையில் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. வீடு பிடிக்க வேண்டுமென்றால் இணையதளத்தில் நுழைந்து, ஒன்பது எழுத்துள்ள ஒரு குறியீட்டை எடுத்து வீட்டுக்காரரிடம் கொடுக்க வேண்டும். வீட்டுக்கென்றால் அது ‘ஆர்’ என்று தொடங்கும், வேலைக்கென்றால் ‘டபிள்யூ’. தொண்ணூறு நாள் செல்லும். வீட்டுக்காரர் அதைத் தளத்தில் தட்டினால் அவன் முகம் வரும்.

கடந்த ஆண்டு நான் அவனோடு தங்கியிருந்தேன். ஈஸ்ட் ஹாமில் ஒரு வீடு பார்த்திருந்தான். சாவி வாங்க வேண்டிய வாரத்தில் அவன் கைப்பேசி பேருந்து நிறுத்தத்தில் கீழே விழுந்து சுக்குநூறானது. யாரையும் குறை சொல்ல முடியாத விபத்து. ஆனால், தளத்துக்குள் நுழைய வேண்டிய எண் அந்தக் கைப்பேசிக்குத்தான் வரும். மின்னஞ்சலைத் திறக்கவும் அதே கைப்பேசி வேண்டும். புதிய சிம் அஞ்சலில் வர மூன்று நாள். அந்த மூன்று நாளும் அவனுக்கு வேலை இருந்தது, சம்பளம் இருந்தது, பாஸ்போர்ட் இருந்தது. நாட்டில் இருக்கும் உரிமையைக் காட்டத்தான் வழியில்லை. வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துப் பெரியவர், நல்ல மனிதர். தேநீர் கொடுத்து உட்காரவைத்துத்தான் சொன்னார்: “தம்பி, உங்களில எனக்கு நம்பிக்கை இல்லாமல் இல்லை. பிழைச்சுப்போனா பத்தாயிரம் பவுண்ஸ் கட்டச் சொல்லுவினம். நான் எங்க போறது?”

அவர் சொன்ன கணக்கு சரி. குடியிருக்க உரிமை இல்லாதவருக்கு வீடு கொடுத்தால் முதல் தடவையே ஆளுக்குப் பத்தாயிரம் பவுண்டு வரை அபராதம். மறுபடி நடந்தால் இருபதாயிரம் வரை. வேலை கொடுத்தவருக்கு முதல் தடவையே ஆளுக்கு 45 ஆயிரம் வரை. வீட்டுக்காரரையும் முதலாளியையும் வங்கி எழுத்தரையும் குடியேற்றக் காவலர்களாக மாற்றிய ஏற்பாடு இது. தெரசா மே உள்துறை அமைச்சராக இருந்தபோது, முறையான ஆவணம் இல்லாதவர்களுக்கு நாட்டையே ‘பகைச் சூழல்’ ஆக்குவோம் என்று 2012இல் அறிவித்து உருவாக்கியது. அன்று அகதியாக வந்து, சொந்தமாக வீடு வாங்கிய ஒரு மனிதர், நேற்று வந்த ஓர் இளைஞனின் ஆவணத்தைச் சரிபார்க்கப் பயந்து நடுங்குகிறார். இரண்டு பேருமே தமிழர்கள். இரண்டு பேர்மேலும் குற்றமில்லை.

அந்தப் பகைச் சூழல் யாரைச் சுட்டது என்பது 2018இல் தெரிந்தது. கரீபியன் தீவுகளிலிருந்து 1948 முதல் முறைப்படி வந்து, உழைத்து, வரி கட்டி, முதுமை அடைந்தவர்களிடம் ‘நீ இங்கே இருப்பதற்குச் சான்று கொடு’ என்று கேட்டார்கள். வேலை போனது, சிகிச்சை மறுக்கப்பட்டது, சிலர் நாடு கடத்தப்பட்டார்கள். அவர்கள் வந்திறங்கிய நாளைக் காட்டும் சீட்டுகளை உள்துறையே 2010இல் அழித்துவிட்டிருந்தது. உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் பதவி விலகினார். ‘விண்ட்ரஷ்’ என்று கப்பலின் பெயரால் அறியப்படும் அந்த அநீதி, வெளிநாட்டவரைக் குறிவைத்த வலையில் உள்நாட்டவர் சிக்கிய கதை. குடிமக்களையும் மற்றவர்களையும் பிரித்துவைக்க ஒரு கோடு போட்டுவிட்டால், அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று எல்லாருமே நிரூபித்தாக வேண்டும்.

இதே பாதையில் போன வேறு சட்டங்களும் உண்டு. 2000ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் ஏழாவது அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. விமான நிலையத்தில் யாரையும், சந்தேகம் எதுவும் இல்லாமலே, நிறுத்தி விசாரிக்கலாம். பதில் சொல்ல மறுப்பதே குற்றம். 2001இல் விடுதலைப் புலிகள் அமைப்பு அங்கே தடைசெய்யப்பட்ட பிறகு இந்த அட்டவணையின் பெயர் பிரிட்டன் வாழ் ஈழத் தமிழர்களுக்குப் பழக்கமானது. அப்போது வெளியே யாரும் அதிகம் கவலைப்படவில்லை. 2013 ஆகஸ்டில் டேவிட் மிராண்டா என்பவரை ஹீத்ரோவில் ஒன்பது மணி நேரம் பிடித்துவைத்தார்கள். அவர் எட்வர்ட் ஸ்னோடன் கசியவிட்ட உளவு ஆவணங்களை வெளியிட்ட பத்திரிகையாளர் கிளென் கிரீன்வால்டின் வாழ்க்கைத் துணை. பயங்கரவாதிக்கென்று எழுதிய சட்டம் பத்திரிகையின் வாசலுக்கு வந்தபோதுதான் பெரிய நாளிதழ்கள் அந்த அட்டவணையைப் பிரித்துப் படித்தன. பத்திரிகைத் தகவல்களுக்கு அதில் போதிய பாதுகாப்பு இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016இல் சொன்னது.

இன்னும் கீழே இறங்கினால் பூல் என்ற கடற்கரை ஊர். அங்கே நடந்ததை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது. 2008இல் ஒரு தாய், தன் மகளுக்கு உள்ளூர்ப் பள்ளியில் இடம் கேட்டு விண்ணப்பித்தார். அந்தப் பள்ளியின் எல்லைக்குள்தான் குடும்பம் உண்மையிலேயே வசிக்கிறதா என்று உள்ளாட்சி மன்றத்துக்குச் சந்தேகம். கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக, மூன்று வாரம் அந்தக் குடும்பத்தை ஒளிந்திருந்து கண்காணித்தார்கள். தாய் எப்போது வெளியே போகிறார், பிள்ளைகள் எந்த நேரத்துக்குக் காரில் ஏறுகிறார்கள், இரவில் கார் எங்கே நிற்கிறது என்று குறிப்பெடுத்தார்கள். பயங்கரவாதத்தையும் பெருங்குற்றத்தையும் காட்டி வாங்கிய 2000ஆம் ஆண்டின் புலனாய்வு அதிகாரச் சட்டம்தான் அதற்குத் துணை. குடும்பம் பொய் சொல்லவில்லை என்பதும் தெரியவந்தது. அந்தக் கண்காணிப்பு சட்டத்துக்குப் புறம்பானது என்று 2010இல் தீர்ப்பாயம் சொன்னது. உள்ளாட்சிகள் இப்படிச் செய்ய நீதிமன்ற அனுமதி வேண்டும் என்று 2012இல் சட்டம் திருத்தப்பட்டது. அந்தப் பிள்ளைகளின் பயணத்தை வெளியே ஒருவர் உட்கார்ந்து குறித்துக்கொண்டிருந்தார் என்ற உண்மையை எந்தத் திருத்தமும் மாற்றாது.

கட்சிகள் இதில் என்ன நிலை எடுத்தன என்று கேட்டால், பதில் அவை எந்தப் பக்க இருக்கையில் இருந்தன என்பதைப் பொறுத்தது. எதிர்க்கட்சி இருக்கையில் எல்லாரும் வில்காக்தான். 2008இல் குற்றச்சாட்டு இல்லாமலே 42 நாள் சிறைவைக்கும் மசோதாவை லேபர் அரசு ஒன்பது வாக்கில் கரையேற்றியபோது, கன்சர்வேடிவ் கட்சியின் டேவிட் டேவிஸ் தன் தொகுதியையே துறந்து இடைத்தேர்தலைச் சந்தித்தார். அரிய துணிச்சல். பின்னர் பிரபுக்கள் அவை மசோதாவைத் தோற்கடித்தது. அதே டேவிஸ், மக்களின் தொலைபேசி, இணையத் தகவல்களைச் சேமிக்கச் சொன்ன தன் கட்சி தலைமையிலான அரசின் சட்டத்தை எதிர்த்து லேபர் கட்சியின் டாம் வாட்சனோடு சேர்ந்து வழக்கும் தொடுத்தார். 2016 ஜூலையில் அமைச்சரானதும் வழக்கிலிருந்து விலகிக்கொண்டார். அவரைவிட உறுதியானவர்கள் அந்த அவையில் குறைவு, அவராலேயே முடியவில்லை.

அடையாள அட்டையை ஒழித்த தெரசா மே கதை இன்னும் வேதனை. உள்துறையில் அவர் கொண்டுவந்து, அவர் பிரதமராக இருந்தபோது 2016 நவம்பரில் நிறைவேறியது புலனாய்வு அதிகாரங்கள் சட்டம். நாட்டில் ஒவ்வொருவரும் எந்தெந்த இணையதளத்தோடு தொடர்புகொண்டார்கள் என்ற பதிவை நிறுவனங்கள் பன்னிரண்டு மாதம் சேமித்துவைக்கும்படி அதன் கீழ் உத்தரவிடலாம். அதைக் கேட்டுப் பெறக்கூடிய அமைப்புகளின் பட்டியலில் உளவுத் துறையோடு உணவுத் தர முகமையும் சூதாட்ட ஆணையமும் இருந்தன. ஹார்ட் டிஸ்குகளை அரைத்த கூட்டணி அரசில் இருந்தவர், ஐந்தாண்டு கழித்து அவற்றைவிட ஆயிரம் மடங்கு பெரிய பதிவேட்டுக்கு வழிசெய்தார். அதை எதிர்த்து யாரும் அட்டையைக் கிழிக்க முடியாது. கிழிக்க அட்டையே இல்லை.

அந்தச் சட்டத்தில் இன்னொரு பிரிவு இருக்கிறது. ஒரு நிறுவனம் தன் பாதுகாப்பைத் தளர்த்தித் தகவல் கொடுக்க வழிசெய்ய வேண்டும் என்று உள்துறை ஆணை அனுப்பலாம். ஆணை வந்தது என்பதைக்கூட நிறுவனம் வெளியே சொல்லக் கூடாது. 2025 தொடக்கத்தில் ஆப்பிளுக்கு அப்படி ஓர் ஆணை போன செய்தி கசிந்தது. பயனரைத் தவிர வேறு யாரும், ஆப்பிளேகூட, திறக்க முடியாதபடி சேமித்துவைத்த படங்களையும் கோப்புகளையும் திறக்க வழி கேட்டிருந்தார்கள். ஆப்பிள் வழி திறக்கவில்லை. பிப்ரவரி 21 அன்று அந்தக் கூடுதல் பாதுகாப்பைப் பிரிட்டனில் மட்டும் புதிதாக யாருக்கும் கொடுப்பதை நிறுத்தியது. திருடனுக்குப் பயந்து பூட்டுப் போட நினைத்தவர்களுக்கு, அரசு சொன்னதால் பூட்டே கிடைக்காமல் போனது. வழக்கு தொடர்பான அடிப்படை விவரத்தைக்கூட ரகசியமாக வைக்க வேண்டுமென்று உள்துறை கேட்டதைத் தீர்ப்பாயம் ஏப்ரலில் மறுத்தது. சட்டத்தை ஏற்பதா எதிர்ப்பதா என்று மக்கள் முடிவுசெய்யலாம். ஆணை இருக்கிறதா இல்லையா என்பதே ரகசியம் என்றால் எதை வைத்து முடிவுசெய்வது?

குழந்தைகளைப் பற்றிய பகுதியை நான் தயங்கித்தான் எழுதுகிறேன். இணையத்தில் பார்த்த தற்கொலைப் படங்களால் உந்தப்பட்டுப் பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்த வழக்கை அந்த நாடு மறக்கவில்லை. அவள் தந்தை ஆண்டுக்கணக்கில் நியாயம் கேட்டுப் போராடினார். அந்தத் துயரத்தை அலட்சியப்படுத்துகிறவரோடு எனக்குப் பேச்சில்லை. 2023இன் இணையப் பாதுகாப்புச் சட்டம் அந்த வலியிலிருந்து வந்தது. ஆனால், 2025 ஜூலை 25 முதல் அது நடைமுறையில் கேட்டது, சிறுவர்களுக்குக் கூடாத தளங்களைத் திறக்கும் பெரியவர்களும் தங்கள் முகத்தையோ அடையாள ஆவணத்தையோ வேறு வயதுச் சான்றையோ ஏதாவது ஒரு நிறுவனத்திடம் காட்டிவிட்டு உள்ளே போக வேண்டும் என்பதை. சட்டத்தை நீக்கக் கோரி ஐந்து லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். சட்டத்தை எதிர்த்த ரிஃபார்ம் கட்சியின் நைஜல் ஃபராஜை, குழந்தைகளைச் சீரழித்த ஜிம்மி சேவில் போன்றவர்களின் பக்கம் நிற்பவர் என்று அமைச்சர் பீட்டர் கைல் பேசினார். ஃபராஜின் அரசியலில் எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனாலும் அந்தப் பேச்சு, கேள்வி கேட்கும் ஒவ்வொரு தாயையும் தந்தையையும் அடிக்கும் பேச்சு. சில மாதங்களில் டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தள நிறுவனத்துக்காக வேலை பார்த்த வெளி நிறுவனம் ஒன்றிலிருந்து சுமார் 70 ஆயிரம் பேரின் அடையாள ஆவணப் படங்கள் திருடுபோயின. வயதை நிரூபிக்கக் கொடுத்த படங்கள்.

‘மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை’ என்பார்கள். கண்காணிப்பை ஆதரிப்பவர்கள் எந்த மொழியில் பேசினாலும் சாரம் இந்தப் பழமொழிதான். நம் ஊரிலும் இதைத்தான் சொல்கிறார்கள். பழமொழியை நிதானமாகக் கேட்டுப் பாருங்கள். மடியில் கனம் என்பது என்ன? வேட்டி மடிப்பில் முடிந்துவைத்த காசு, பெண்ணின் நகை, விதை வாங்க வைத்த பணம். கனமுள்ளவன் திருடன் அல்ல. திருடனுக்குப் பயந்து நடக்கிற நல்லவன். மருத்துவர் சொன்னது, மனைவிக்கு எழுதியது, வாக்களித்த கட்சி, விட்டுவந்த மதம் என்று ஒவ்வொருவர் மடியிலும் கனம் இருக்கிறது. கனமே இல்லாத மனிதன் யாரென்று எனக்குத் தெரியவில்லை.

தப்பே செய்யாதவருக்கு என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் பிரிட்டன் அஞ்சலகக் கிளை நடத்தியவர்களைக் கேட்கட்டும். முழுக்க அரசுக்குச் சொந்தமான அஞ்சலக நிறுவனத்தின் ‘ஹொரைசன்’ கணினி, இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. 1999 முதல் 2015 வரை 900 பேருக்கு மேல் திருட்டு, மோசடி என்று தண்டிக்கப்பட்டார்கள். தெற்காசியக் குடும்பத்தினர் பலர். கருவுற்றிருந்த பெண் ஒருவர் மகனின் பத்தாவது பிறந்தநாளன்று சிறைக்குப் போனார். கணினி சரியாகத்தான் வேலை செய்கிறது என்று நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது இங்கிலாந்தின் சட்ட மரபு. தவறென்றால் குற்றம் சாட்டப்பட்டவர்தான் காட்ட வேண்டும். அவர்களிடம் இருந்தது கடைக் கல்லாவும் கைக்கணக்கும்தான். தண்டனைகளைக் கூட்டமாக நீக்க 2024இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

இந்த நினைவு ஆறாத நாட்டில்தான் 2025 செப்டம்பர் 26 அன்று பிரதமர் கியர் ஸ்டார்மர் கைப்பேசி அடையாளத் திட்டத்தை அறிவித்தார். வேலைக்குச் சேர வேண்டுமென்றால் அது கட்டாயம்; சட்டவிரோதக் குடியேற்றத்தைத் தடுக்கவே இது என்றார். மீண்டும் அயலாரைக் காட்டித்தான் வாசல் திறக்கப்பட்டது. ஸ்டார்மர் மனித உரிமை வழக்கறிஞராக வாழ்ந்தவர், இந்தச் சட்டங்களை உள்ளும் புறமும் அறிந்தவர் என்பதால் எனக்கு ஏமாற்றம் அதிகம். எதிர்ப்பு மனுவில் முப்பது லட்சத்தை நெருங்கிக் கையெழுத்துகள் குவிந்தன. அடுத்த மாதம் ஸ்டார்மர் மும்பைக்கு வந்து, ஆதார் திட்டத்தை உருவாக்கிய நந்தன் நீலகேணியைச் சந்தித்து ஆதாரைப் பெரிய வெற்றி என்று பாராட்டிப் போனார். ஆதாரை வங்கிக் கணக்குக்கும் கைப்பேசி இணைப்புக்கும் கட்டாயமாக்கக் கூடாது, தனியார் நிறுவனங்கள் அதைக் கேட்கக் கூடாது என்று நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2018 செப்டம்பர் 26 அன்று. அவர் அறிவிப்புக்குச் சரியாக ஏழாண்டு முன்பு. வெற்றியை மட்டும் பார்த்துப் போனவரிடம், தேய்ந்த கைரேகை பதியாமல் ரேஷன் கடையில் நின்ற நம் ஊர்க் கிழவிகளை யாராவது காட்டியிருக்கலாம்.

2026 ஜனவரியில் அரசு ஒரு படி இறங்கியது. அந்த அடையாளம்தான் வேண்டும் என்பதில்லை, வேலைக்கு வேறு மின்னணு ஆவணங்களும் ஏற்கப்படும் என்றது. கையெழுத்திட்டவர்களின் வெற்றி அது, மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால், அவர்கள் இங்கே நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு பதிவேடும் எதற்கு என்று சட்டத்திலேயே எழுதி, அந்தக் காரணம் தீரும் நாளில் பதிவேடும் தீர வேண்டும் என்று கேட்க வேண்டும். தெருவில் போகிறவர்களின் முகத்தைப் பதிவுசெய்யும் காவல் துறைக் கேமராக்களை யார்மீது, எங்கே திருப்பலாம் என்பதை அதிகாரியின் விருப்பத்துக்கு விட்டது தவறு என்று 2020இலேயே கார்டிஃப் வழக்கில் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்கென்று தனிச் சட்டம் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், ஈ-விசா வைத்திருப்பவர்கள் கையில் ஓர் அட்டையையோ தாளையோ திருப்பிக் கொடுக்க வேண்டும். அதைக் கேட்டு எத்தனை பிரிட்டன் குடிமக்கள் கையெழுத்திடுவார்கள் என்பதை நான் ஆவலோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என் அக்கா மகனுக்கு நான்காம் நாள் சிம் வந்தது. பெரியவர் சாவி கொடுத்தார். குடிபோன அன்று மாலையே நூலகத்துக்குப் போய், திரையில் தன் முகமும் விசா நிலையும் தெரியும் பக்கத்தை அச்செடுத்து வந்தான். செவிலியர் சான்றிதழ் வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறையில் அதை மடங்காமல் செருகினான். அச்செடுத்த தாள் சான்றாகாது, வீட்டுக்காரரோ முதலாளியோ தளத்தில்தான் சரிபார்க்க வேண்டும் என்று அரசின் விதி சொல்கிறதே என்றேன்.

“செல்லாதுன்னு தெரியும் மாமா” என்றான். “கையில ஒண்ணு இருக்கட்டும்.”